காரைக்குடியிலிருந்து மழைக்காட்டுக்கு: தேக்கடியா, கவியா, பரம்பிக்குளமா, டாப்ஸ்லிப்பா, வால்பாறையா?

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து மழைக்காடு பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு நடைமுறையில் ஐந்து இடங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன: தேக்கடி, அதை ஒட்டிய கவி, பரம்பிக்குளம், டாப்ஸ்லிப், வால்பாறை. மேகமலையையும் சிலர் சேர்த்துக்கொள்வார்கள். அதிகாலையில் வண்டி ஏறினால் எந்த இடத்துக்கும் மதியத்துக்குள் போய்விடலாம். எல்லா இடத்திலும் யானை உண்டு, அட்டை உண்டு, மழை உண்டு. படங்களைப் பார்த்து முடிவு செய்தால் ஐந்தும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இந்த ஒப்பீட்டுக்கு இரண்டு கேள்விகளை எடுத்துக்கொள்கிறோம். போகிற இடம் உண்மையிலேயே மழைக்காடுதானா? நாம் கொடுக்கும் பணம் அந்தக் காட்டைக் காக்கிறவர் கைக்குப் போகிறதா? எங்களுக்கு இரண்டாவது கேள்விதான் பெரிது. மரம் வெட்டுப்படாமல் நிற்பதால், விலங்கு வேட்டையாடப்படாமல் திரிவதால், காட்டில் பிறந்தவர் வீட்டில் உலை கொதிக்கிறது என்றால், அவரைவிட நல்ல காவல்காரர் அந்தக் காட்டுக்குக் கிடைக்கமாட்டார். அந்தப் பணம் முழுவதும் ரிசார்ட்டுக்கும் ஜீப் வைத்திருப்பவருக்கும் போய்விட்டால், காட்டுக்கு மிஞ்சுவது குப்பையும் இரைச்சலும்தான். கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் இங்கே தொகை எதுவும் சொல்லவில்லை. யாரிடம் கட்டுகிறோம், அது யாருக்குப் போகிறது என்பதை மட்டும் சொல்கிறோம்.

தேக்கு நிற்பதெல்லாம் மழைக்காடு ஆகாது

முகப்பிலும் வளவிலும் பர்மாத் தேக்குத் தூண்களைப் பார்த்து வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு, காடு என்றதும் தேக்குதான் நினைவுக்கு வரும். டாப்ஸ்லிப்புக்கும் பரம்பிக்குளத்துக்கும் போகும் வழியெல்லாம் வரிசை வரிசையாக நிற்கும் தேக்கைப் பார்த்து, "எப்பேர்ப்பட்ட காடு!" என்று வியப்பார்கள். அதில் பெரும்பகுதி வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நட்டு வளர்த்த தோட்டம். தேக்கு இலையுதிர்க்கும் மரம். கோடை நெருங்கும்போது அந்தச் சரிவுகள் மொட்டையாகி, காய்ந்த இலை தரை முழுக்கக் கிடக்கும். காட்டுத்தீக்கு அதைவிட நல்ல தீனி வேறில்லை.

மழைக்காடு வேறு. நம் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை என்றால், அங்கே அதைப்போல இரண்டு மூன்று மடங்கும் அதற்கு மேலும் பெய்யும். மரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இலை உதிர்ப்பதில்லை, அதனால் இதைப் பசுமைமாறாக் காடு என்றும் சொல்வார்கள். 30, 40 மீட்டர் உயரத்தில் மேற்கூரை, அதற்குக் கீழே இன்னொரு அடுக்கு, அதற்கும் கீழே பிரம்பும் பெரணியும். அடிமரத்திலிருந்து பலகை பலகையாக வேர் பிரிந்து நிற்கும். உச்சிவெயில் நேரத்திலும் தரை மங்கலாகவே இருக்கும். மழைக்காட்டுக்குள்தான் நிற்கிறோமா என்று தெரிந்துகொள்ள ஒரு மரத்தைத் தேடலாம். அது வெடிப்பலா. ஆண்டின் முதல் மாதங்களில் கிளைகளில் நேரடியாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். பிறகு பலாவைப் போல முள் மூடிய சிறு காய்கள். சிங்கவால் குரங்குக்கு அந்தப் பூவின் தேனும் விதையும் முக்கியமான உணவு. மலையணிலும் வௌவாலும் அதைத் தேடி வரும். வெடிப்பலா நிறைந்த சரிவு மழைக்காடு என்று தைரியமாகச் சொல்லலாம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. விலங்கு பார்க்கத் தேக்குக்காடுதான் வசதி, ஏனென்றால் பார்வை தூரம் போகும். மழைக்காட்டுக்குள் பத்துப் பதினைந்து மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. அங்கே கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். இருவாச்சி பறந்தால் அதன் இறக்கைச் சத்தம் முதலில் வரும், பறவை பிறகு தெரியும். "புலி காட்டுவீர்களா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களை மழைக்காட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள். அவர்களுக்கும் ஏமாற்றம், வழிகாட்டிக்கும் சங்கடம்.

தேக்கடி: ஏற்பாட்டில் இதுவே முதலிடம்

காரைக்குடியிலிருந்து மதுரை, தேனி, கம்பம் வழியாக, தேக்கடிக்கு வாசலான குமுளி சுமார் 225 கிலோமீட்டர். பெரியார் புலிகள் காப்பகத்தின் பரப்பு 925 சதுர கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி பசுமைமாறாக் காடும் அரைப் பசுமைமாறாக் காடும். 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டியபோது உருவான நீர்த்தேக்கம் நடுவில் இருக்கிறது. நம் வைகைப் பாசனத்துக்கு வரும் தண்ணீர் அதுதான்.

மக்கள் பங்கேற்பில் இந்தியாவுக்கே முன்மாதிரி என்று இந்தக் காப்பகத்தைச் சொல்லலாம். 1990களின் பிற்பகுதியில் உலக வங்கி உதவியோடு சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது, இங்கே கிராமத்துக்குக் கிராமம், குடிக்குக் குடி சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் அமைந்தன. அதில் ஒரு குழு, வயணா மரத்துப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுக்கொண்டிருந்தவர்களுடையது. வயணா என்பது லவங்கப்பட்டை இனத்து மரம். சுற்றிலும் பட்டையை உரித்தால் மரம் பட்டுப்போகும். வழக்கும் சிறையுமாக அலைந்துகொண்டிருந்த இருபத்துச் சொச்சம் பேர், 1998 வாக்கில் வனத்துறையோடு உடன்பாட்டுக்கு வந்து வழிகாட்டிகளாக மாறினார்கள். கடத்தல்காரர்கள் எந்த வழியில் வருவார்கள், எங்கே தங்குவார்கள், தண்ணீருக்கு எங்கே இறங்குவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர்கள் அழைத்துப் போகும் காட்டு முகாம் பயணத்துக்குப் 'புலித்தடம்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். ஓர் இரவு அல்லது இரண்டு இரவு காட்டுக்குள் கூடாரத்தில் தங்குவது. நீங்கள் நடக்கும்போது கண்காணிப்பும் நடக்கிறது, அந்த வழியில் ஆள் நடமாட்டம் இருப்பதே காவல். சுற்றுலாவும் பாதுகாப்பும் ஒரே நடையில் முடிந்துவிடுவதுதான் இந்த ஏற்பாட்டின் கெட்டிக்காரத்தனம்.

மன்னான், பளியர் குடிகளைச் சேர்ந்தவர்களும் மலையேற்ற வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். அணையைக் கட்டியபோதும் அதற்குப் பிறகும் இடம் பெயர்ந்த குடும்பங்களின் வழிவந்தவர்கள் அவர்களில் உண்டு. 2002 முதல் 'வசந்த சேனை' என்ற பெயரில் பெண்கள் முறை வைத்து, கூலி வாங்காமல் காட்டு ஓரத்தில் ரோந்து போகிறார்கள். சந்தன மரங்கள் நிற்கும் பகுதி அது. 2004இல் பெரியார் அறக்கட்டளை தொடங்கியது. பார்வையாளர் தரும் பணம் அரசுக் கருவூலத்துக்குள் போய்க் காணாமல் போகாமல், காட்டுக்கும் குழுக்களுக்கும் திரும்ப அது வழி செய்தது. 2006இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் இப்படி ஓர் அறக்கட்டளை வேண்டும் என்று சட்டமே சொல்லிவிட்டது.

நம் ஊர்க் குழுவுக்கு எது பொருந்தும்? முதல் தடவை போகிறவர்களுக்கு மூங்கில் தெப்பப் பயணம். காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலை ஐந்து வரை. காட்டுக்குள் சில கிலோமீட்டர் நடந்துபோய்த் தெப்பம் ஏறி, நீர்த்தேக்கத்தில் துடுப்புப் போட்டுத் திரும்புவது. ஒரு குழுவில் பத்துப் பேர்வரை, கூடவே வழிகாட்டிகளும் துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் ஒருவரும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மூன்று மணி நேர இயற்கை நடை போதும். எல்லைவழி மலையேற்றம் கொஞ்சம் மூச்சு வாங்கும். இரவு ரோந்து நடையை இளைஞர்கள் விரும்புவார்கள், பத்து வயதுக் குழந்தையை அதற்கு இழுக்கக்கூடாது.

தேக்கடி என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது பெரிய படகு. அதில் மழைக்காடு தெரியாது, ஏரிக்கரைதான் தெரியும். நாம் பேசும் மக்கள் பங்கேற்பும் அதில் மிகக் குறைவு. 2009 செப்டம்பர் 30 அன்று இங்கே படகு கவிழ்ந்து 45 பேர் இறந்துபோனார்கள். யானையோ காட்டுமாடோ கரைக்கு வந்ததும் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓடுவது எப்பேர்ப்பட்ட ஆபத்து என்று ஊருக்கே தெரிந்தது அன்றுதான். படகில் போவதானால் மிதவைச் சட்டையைக் கட்டிக்கொண்டு, இருக்கையைவிட்டு எழாமல் உட்காருங்கள்.

தேக்கடியின் குறை குமுளி ஊர். நெரிசலும் கடைகளும் ஆட்டோக்காரர்களின் வற்புறுத்தலும் சேர்ந்து, காடு எங்கே என்று கேட்க வைத்துவிடும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக் கூட்டம் அந்தச் சாலையை நிறைத்துவிடும். தை பாதி கடந்த பிறகு போவது நல்லது. தெருவில் நின்று "காட்டுக்குள் கூட்டிப் போகிறேன்" என்கிறவரிடம் பணம் தராமல், அறக்கட்டளையின் இணையதளத்திலோ குமுளியில் இருக்கும் காப்பகத்தின் சூழல் சுற்றுலா அலுவலகத்திலோ பதிவு செய்யுங்கள். நம் வாடகை வண்டி கேரள எல்லைக்குள் போக அனுமதிச் சீட்டும் வரியும் உண்டு. ஓட்டுநர் முன்கூட்டியே அதை எடுத்துவைத்தாரா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். சோதனைச்சாவடியில் ஒரு மணி நேரம் போனால் எட்டு மணித் தெப்பம் கிளம்பிப் போய்விடும். ஆகையால் முதல் நாள் மாலையே குமுளி போய்த் தங்குவதுதான் சரி.

கவி: தமிழ் பேசும் மழைக்காடு

வண்டிப்பெரியாறு, வள்ளக்கடவு வழியாகப் பெரியார் காப்பகத்தின் உள்ளே போனால் கவி. சுமார் ஆயிரம் மீட்டர் உயரம். சுற்றிலும் அசல் பசுமைமாறாக் காடு, சிங்கவால் குரங்கும் கருமந்தியும் உண்டு. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்த மலையகத் தமிழ்க் குடும்பங்கள் இங்கே கேரள வனவளர்ச்சிக் கழகத்தின் ஏலத்தோட்டத்தில் குடியமர்ந்தன. ஏலக்காய் வருமானம் சரிந்த பிறகு, அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான் வழிகாட்டிகளாகவும் சமையல் ஆட்களாகவும் படகு ஓட்டுகிறவர்களாகவும் ஆனார்கள்.

காட்டு ஞானத்தை மொழிபெயர்ப்பு இல்லாமல் கேட்க வேண்டும் என்றால் கவிக்கு இணை கிடையாது. ஆனால் இங்கே முதலாளி கழகம்தான், தொழிலாளர்களுக்குக் கூலி கிடைக்கிறது, நிர்வாகத்தில் பங்கு தேக்கடிக் குழுக்களின் அளவுக்கு இல்லை. தங்கும் இடம் குறைவு என்பதால் விடுமுறை நாட்களுக்கு வெகு முன்பே பதிவு செய்யவேண்டும். பகல் முழுக்க ஜீப்பில் போய்த் திரும்பும் 'கவி பயணம்' குமுளித் தெருவில் விற்கிறார்கள். அதில் பாதி நேரம் சாலையில் போய்விடும். ஓர் இரவு தங்கினால்தான் கவி.

பரம்பிக்குளம்: ஒழுங்குக்கும் குப்பையில்லாமைக்கும்

காரைக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், பழனி, உடுமலை, பொள்ளாச்சி. இதுவரை சுமார் 240 கிலோமீட்டர். அங்கிருந்து சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாக ஆனப்பாடி சாவடி. காடு கேரளத்தில், வழி தமிழ்நாட்டில். அதனால் இரண்டு மாநில வனத்துறைச் சாவடியிலும் நின்று கட்டணம் கட்டவேண்டும். காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் பொள்ளாச்சியில் சாப்பிட்டுவிட்டு மதியத்துக்கு முன் ஆனப்பாடி சேரலாம். மாலைக்குப் பிறகு சாவடி திறக்காது. "கொஞ்சம் விடுங்க சார்" என்று கெஞ்சுவது அங்கே எடுபடாது, எடுபடவும் கூடாது.

காப்பகத்தின் பரப்பு 643 சதுர கிலோமீட்டர் சொச்சம். காடர், மலசர், மலைமலசர், முதுவர் குடியிருப்புகள் உள்ளேயே இருக்கின்றன. தங்கல், சாப்பாடு, வனத்துறை வண்டியில் சவாரி, நடை, வழிகாட்டி எல்லாம் ஒரே தொகுப்பாக விற்கிறார்கள். வழிகாட்டி அந்தக் குடியிருப்புகளைச் சேர்ந்தவராகத்தான் இருப்பார், அவர் இல்லாமல் எங்கும் நகர முடியாது. பிளாஸ்டிக்கைக் கட்டுப்படுத்துவதில் இவர்களைப் போலக் கண்டிப்பானவர்கள் குறைவு. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்து அணைகளைப் பராமரிப்பது தமிழ்நாடு என்பதால் தமிழ் எல்லா இடத்திலும் செல்லும்.

மழைக்காடு என்ற கேள்விக்குத்தான் பரம்பிக்குளம் பாதி மதிப்பெண் வாங்குகிறது. சவாரி வண்டி போகும் வழி பெரும்பாலும் தேக்கும் இலையுதிர் காடும். கரிமலைப் பக்கம் உயரத்தில்தான் பசுமைமாறாக் காடு. பதிவு செய்யும்போதே "சவாரி மட்டும் போதாது, சோலைக்குள் நடக்கவேண்டும், எந்த நடை அங்கே போகிறது?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கன்னிமாரா தேக்கை எப்படியும் காட்டுவார்கள். பல நூற்றாண்டு வயது சொல்லப்படும் மரம், ஐந்தாறு பேர் கை கோத்தால்தான் சுற்றி வரும். வீட்டுத் தூணைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அதன் முன்னால் நிற்கவேண்டும் என்பது எங்கள் ஆசை.

பள்ளி இயற்கை மன்றத்துக்கு ஐந்தில் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வோம். பொழுது முழுக்க ஒழுங்கான நிரல் இருக்கிறது, வெளி ஊர்த் தொந்தரவு இல்லை, ஆசிரியர் ஒருவர் கண்ணுக்குள் எல்லாப் பிள்ளையும் இருக்கும்.

டாப்ஸ்லிப்பும் மானாம்பள்ளியும்: சிக்கனமான வழி

ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் டாப்ஸ்லிப்பில் கரியன் சோலை என்ற அருமையான பசுமைமாறாக் காடு உண்டு. மரமெல்லாம் வெட்டிச் சரித்த சரிவில் மறுபடி தேக்கு நட்டு வளர்த்த வனஅதிகாரி ஹியூகோ வுட்டின் கல்லறையும் அங்கேயே இருக்கிறது. கோழிகமுத்தி யானை முகாமில் பாகன்கள் மலசர் குடியினர்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை இணையவழிப் பதிவோடு திறந்தது. உள்ளூர் இளைஞர்களையும் பழங்குடியினரையும் வழிகாட்டிகளாகப் பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறார்கள். டாப்ஸ்லிப்பிலிருந்து பண்டாரவரை போகும் பாதையும், வால்பாறைப் பக்கத்து மானாம்பள்ளியும் அதில் மழைக்காட்டை ஒட்டியவை. பகல் நடைதான், தங்கலைத் தனியாகப் பார்த்துக்கொள்ளவேண்டும். வேறு மாநில வரி இல்லை, வழிகாட்டி தமிழ் பேசுவார், செலவும் குறைவு. ஏற்பாடு இளையது. குழுக்கள் தாமே நிதியைக் கையாளும் நிலைக்கு வர இன்னும் காலம் வேண்டும். ஆனால் தொடக்கம் சரியான திசையில்தான் இருக்கிறது, நம் மாநிலத்து ஏற்பாடு வளரவேண்டும் என்றால் நாம்தான் போகவேண்டும். காட்டுத்தீ மாதங்களில் பாதைகளை மூடிவிடுவார்கள். மாசி, பங்குனியில் திட்டமிடாதீர்கள்.

இந்த இடத்தில் குரங்கணியைச் சொல்லியாகவேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்து மலையில் புல்வெளித் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த வருடமே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஏறும், காய்ந்த புல்லில் ஓடித் தப்பிப்பது நடக்காத காரியம். "எனக்கு வழி தெரியும், அனுமதியெல்லாம் வேண்டாம்" என்று உள்ளூர் ஆள் யாராவது சொன்னால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் போகாதீர்கள். உள்ளூர்க்காரருக்குப் பணம் போவது மட்டும் மக்கள் சுற்றுலா ஆகிவிடாது. அனுமதி, தகவல் தொடர்பு, திரும்பி வந்ததைச் சரிபார்க்கும் ஓர் அலுவலகம், மூன்றும் வேண்டும்.

வால்பாறை: காடு முதல்தரம், ஏற்பாடு கடைசி

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. மேலே தேயிலைக்கும் காப்பிக்கும் நடுவே தீவு தீவாக மழைக்காட்டுத் துண்டுகள் கிடக்கின்றன. சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. சிங்கவால் குரங்கைச் சாலையோரத்திலேயே பார்க்கக் கிடைக்கும் ஊர் உலகத்தில் எத்தனை இருக்கும்? புதுத்தோட்டத்தில் கிடைக்கும்.

கிடைக்கும் என்பதுதான் அங்கே தொல்லையாகவும் போயிற்று. குரங்குகள் மரத்துக்கு மரம் தாவும் மேற்கூரை சாலையால் அறுந்துபோனது. கீழே இறங்கிச் சாலையைக் கடந்தன, வண்டியில் அடிபட்டன. சாலைக்கு மேலே கயிற்றுப் பாலங்கள் கட்டினார்கள், காவலுக்கு ஆட்களை நிறுத்தினார்கள். இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று பல ஆண்டுகளாகச் சிதைந்த துண்டுகளில் நாட்டு மரக்கன்றுகளை நட்டு வருகிறது. யானை எங்கே நிற்கிறது என்று தோட்டத் தொழிலாளர்களுக்குக் குறுஞ்செய்தியும் சிவப்பு விளக்கும் வைத்து எச்சரிக்கும் முறையும் அங்கே வந்தது. இவ்வளவு உழைப்பையும் ஒரு வண்டி நின்று நீட்டும் ஒரு சீப்பு வாழைப்பழம் கெடுத்துவிடும். தீனிக்குப் பழகிய குரங்கு சாலையை விட்டுப் போகாது, குட்டிகளுக்கும் அதையே பழக்கும். சீப்புச்சீடையும் முறுக்கும் நம் பையில் இருக்கும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்: வண்டி நிற்கும்போது கண்ணாடியை ஏற்றுங்கள், வெளியில் நின்று எதையும் தின்னாதீர்கள்.

தங்குவதெல்லாம் எஸ்டேட் பங்களாவும் தனியார் விடுதியும்தான். பழங்குடியினருக்கோ தோட்டத் தொழிலாளிக்கோ நேராகப் போகும் பணம் சொற்பம். அனுமதியில்லாத விடுதிகள் பல, பதிவு எண் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். மலையேற இ-பாஸ் தேவையா என்பதையும் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் வண்டி ஓட்டக்கூடாது, யானை சாலையில்தான் நடக்கும். மேற்கூரை, இருவாச்சி, குரங்கு என்று காட்டைப் படிக்க வருகிறவர்களுக்கு வால்பாறை. அப்படி வருகிறவர்கள் மானாம்பள்ளி நடையை வனத்துறை வழியாகப் பதிவு செய்து சேர்த்துக்கொண்டால் கணக்கு ஓரளவு நேராகும்.

மேகமலை 2021இலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. அழகான இடம், ஆனால் பார்வையாளர் பார்ப்பது பெரும்பாலும் தேயிலையும் அணைகளும். மழைக்காட்டை நடந்து பார்க்க இப்போதைக்கு அது வழியில்லை.

ஆள் கணக்கு

ஐந்தில் எதைத் தேர்ந்தாலும் காட்டுக்குள் ஒரு வரிசையில் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். ஒற்றையடிப் பாதையில் ஆளுக்கு இரண்டு மீட்டர் விட்டு நடந்தால், பதினைந்தாவது ஆள் வழிகாட்டியிலிருந்து முப்பது மீட்டர் பின்னால் இருப்பார். மழைக்காட்டில் அவருக்கு வழிகாட்டியின் முதுகும் தெரியாது, "நில்லுங்கள்" என்று மெதுவாகச் சொல்வதும் கேட்காது. யானை குறுக்கிட்டால் முன்னால் இருப்பவர்கள் நிற்பார்கள், பின்னால் இருப்பவர்கள் பேசிக்கொண்டே வந்து மோதுவார்கள். அசம்பாவிதம் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

இருபத்துநான்கு பேர் என்றால் இரண்டு வேன், இரண்டு குழு. ஒன்று தெப்பம் போகும் நாளில் மற்றது நடை போகட்டும். மறுநாள் மாற்றிக்கொள்ளலாம். குழுவுக்குப் பத்துப் பேர் போக, மீதி நாலு பெரியவர்கள் ஓய்வாக இருந்துகொள்வார்கள். தை, மாசியில் இருவாச்சி கூடு வைத்திருக்கும். பெட்டை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு, ஒரு கீற்றுத் துவாரம் மட்டும் விட்டு அடைகாக்கும். ஆண் கொண்டுவந்து ஊட்டினால்தான் அதற்கும் குஞ்சுக்கும் உணவு. கீழே ஆட்கள் நின்று சத்தம் போட்டால் ஆண் மரத்துக்கு வராது. கூட்டைக் காட்டச் சொல்லி வழிகாட்டியை வற்புறுத்தாதீர்கள். கேரளத்து வாழச்சாலில் காடர்களே இந்தக் கூடுகளைக் கண்காணித்துக் காக்கிறார்கள் என்பதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அட்டையும் பையும்

மழை ஓய்ந்து சில வாரம் வரை அட்டை இருக்கும். சாதாரணக் காலுறையின் பின்னல் வழியாக அது நுழைந்துவிடும். நெருக்கமாக நெய்த கனமான காடாத் துணியில், முழங்கால்வரை வரும்படி பை மாதிரித் தைத்து, மேலே நாடா வைத்துக் கட்டவேண்டும். காலில் இதைப் போட்டு அதன்மேல் ஷூ. காரைக்குடியில் எந்தத் தையற்காரரும் தைத்துக்கொடுப்பார். கடித்துவிட்டால் பிய்க்காதீர்கள். நகத்தால் வாய்ப்பக்கத்தை ஓரமாகத் தள்ளினால் விட்டுவிடும். நெருப்பும் உப்பும் வைத்தால் உள்ளே இருப்பதைக் கக்கிவிட்டு விழும், புண் சீழ் பிடிக்கும். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளை விட்டிருக்கும், ஆகவே ஒரு மணி நேரம் கசிந்தாலும் பயப்படவேண்டாம். கழுவி, அழுத்திக் கட்டினால் போதும்.

தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், எவர்சில்வர் பாட்டிலில். வெள்ளைச் சட்டை, மல்லிகைப்பூ, செண்ட் மூன்றும் வேண்டாம். பொட்டலச் சோறு கட்டுவதானால் தூக்குச்சட்டியில் கட்டுங்கள், திரும்ப எடுத்துவர வசதி. கல்பாசி குமுளிக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். நம் சமையலில் அதில்லாமல் முடியாதுதான். ஆனால் அது மரத்திலும் பாறையிலும் வருடக்கணக்கில் மெல்ல வளரும் பாசிப் பூஞ்சை. மூட்டையாக வாங்காமல் வீட்டுக்குத் தேவையானதை மட்டும், முடிந்தால் பழங்குடிக் கூட்டுறவுக் கடையில் வாங்குங்கள்.

நாற்பத்தைந்து பேர் ஒரே பஸ்ஸில் என்றால்

எந்த மழைக்காட்டுக்கும் போகாதீர்கள். திருப்பத்தூர் பக்கத்தில் வேட்டங்குடிக்குப் போங்கள். 1977இல் சரணாலயமான மூன்று கண்மாய்கள், மொத்தம் 38.4 ஹெக்டேர்தான். கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, பறவை மிரண்டு கூட்டை விட்டுவிடும் என்பதற்காக. சுற்றுலா வருமானம் எதையும் எதிர்பார்த்து அவர்கள் அதைத் தொடங்கவில்லை. மக்கள் காக்கும் காடு எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிடப் பக்கத்தில் பாடம் இல்லை. அதோடு புரவி எடுப்பு நடக்கும் ஏதாவது ஓர் அய்யனார் கோயில் காட்டையும் சேர்த்துக்கொண்டால், சுள்ளிகூட ஒடிக்காமல் ஊர் காத்த வீரை மரமும் உலக்கைப்பாலையும் பார்த்துவிடலாம்.

வடகிழக்குப் பருவமழை பொய்த்த வருடம் கண்மாயில் பறவை இருக்காது, போகும் முன் ஊரில் யாரிடமாவது தண்ணீர் நிலவரம் கேட்டுக்கொள்ளுங்கள். மார்கழி, தை மாதங்களில் காலை ஆறரைக்கு அங்கே இருக்கவேண்டும். நத்தைக்குத்தி நாரையும் மஞ்சள்மூக்கு நாரையும் வெள்ளை அரிவாள் மூக்கனும் கருவேல மரங்களில் கூடு வைத்திருக்கும். பஸ்ஸை ஊருக்கு வெளியே நிறுத்தி, பத்துப் பத்துப் பேராகக் கரையில் நடங்கள். கரையை விட்டு இறங்காதீர்கள். பறவைகள் கும்பலாக எழும்பத் தொடங்கினால் நாம் நெருங்கிவிட்டோம் என்று பொருள். தாய் எழுந்த கூட்டில் காக்கை முட்டையைக் கொத்திவிடும், உடனே இருபதடி பின்வாங்கி, அவை திரும்ப உட்காரும்வரை அசையாமல் நிற்கவேண்டும்.